பதினாலாவது கேக்

"கேக் வந்தாச்சு!" என் அறைக்குள் எட்டிப் பார்த்தான் தூர்பென். "நம்ம மெரெட்டெயோட பதினாலாவது கேக்!"

எங்கள் டென்மார்க் அலுவலகங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கணினியைப் பூட்டாமல் எழுந்து போனவர், மறுநாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும்.

ஐந்தே மாதத்தில் பதினாலு. அதுவும் யார்? நகராட்சிக் கணினிகளுக்குக் காவலாக வேலைக்கு எடுத்தவர்!

"கதவைத் திறந்து போட்டுட்டுப் போறவங்களுக்கு வாட்ச்மேன் வேலை குடுத்திருக்கே ப்ரெபன்," என்று சிரித்தான்.

நான் என்ன செய்ய? இரண்டு வருடம் விளம்பரம் கொடுத்துப் பார்த்தேன். கணினிப் பாதுகாப்பு படித்தவர்களைக் கோபன்ஹேகன் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. கடைசியில், குடிநீர்ப் புகார்களுக்குப் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்த மெரெட்டெயைப் பயிற்சிக்கு அனுப்பி உட்காரவைத்தேன். ஐம்பத்திரண்டு வயது.

இன்றோடு புது வேலையில் அவருடைய சோதனைக் காலம் முடிகிறது. 'தொடர வேண்டாம்' என்று நேற்றே கடிதம் அடித்துவிட்டேன். மதியம் கையில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

பத்தரைக்கு எல்லோருக்கும் ஒரு மெயில். 'உங்கள் விடுமுறைச் சம்பளம். இங்கே அழுத்தவும்.' திருடர்கள் அனுப்பியது.

இரண்டாவது நிமிடம் மெரெட்டெயின் போன் அடித்தது.

"மெரெட்டெ, அழுத்தித் தொலைச்சிட்டேன்!"

"அதனாலென்ன, நான் பதினாலு கேக் வாங்கினவ. முதல்ல நெட் கம்பியைப் பிடுங்குங்க."

மறுபடி போன். மறுபடி. ஒன்பது பேர், ஒருவர்கூட மறைக்கவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் திருடர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். ஒரு கோப்புகூடப் போகவில்லை.

போன வருடம் பக்கத்து நகராட்சிக்கு இதே மாதிரி வந்தது. அழுத்தியவர் பயந்துபோய் வாயைத் திறக்கவில்லை. கணினிகளெல்லாம் முடங்கி, மூன்று வாரம் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

நான் மலைத்துப் போனேன். எந்தக் கல்லூரியில் கிடைப்பார் இப்படி ஒருவர்!

அறிக்கை எழுத அவருடைய கணினியின் பதிவுகளைப் புரட்டினேன். எழுந்து போன ஒவ்வொரு முறையும் பூட்டியிருக்கிறார். ஒருநாள்கூடத் தவறவில்லை.

நேரே அவர் மேசைக்குப் போனேன். "அப்போ இந்தக் கேக்கெல்லாம்?"

அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"மத்தவங்க திறந்து போட்டுட்டுப் போனது. நானே பூட்டிட்டு, தப்பை என் தலையில போட்டுக்கிட்டேன். தப்புப் பண்ணினா இவகிட்ட சொல்லலாம்னு அவங்களுக்குத் தோணணும்ல?"

"இன்னிக்குக் கேக் யாருக்காக?"

மேலே தேங்காய்ப்பூ போட்ட ஒரு துண்டை வெட்டி என் பக்கம் நகர்த்தினார்.

"நேத்து நாலு மணிக்கு நீங்க காபி எடுக்கப் போயிருந்தீங்க ப்ரெபன். என்னை நிறுத்துற கடிதம் திரையிலேயே இருந்துச்சு. பூட்டிட்டு வந்துட்டேன்."