மறுப்புப் படி

கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட ஒருவர் தமக்கு ஒவ்வாத வேலையை மறுத்தால், நல்ல வேலை அமையும்வரை அந்த வேலைக்குரிய ஊதியத்தை 'மறுப்புப் படி' என்று அரசே அளித்துவந்த காலம் அது. ஆகவே முதலாளிகள்தாம் வீடு தேடி வந்து வேலைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் செங்கல் சூளையில் அடைபட்டிருந்த பச்சையம்மாளுக்கோ மறுக்கத் தெரியவில்லை. முதலில் வந்த இருவருக்கும் "சரிங்க" என்று தலையாட்டினாள். இரண்டு முறையும் அதிகாரிகள் சென்று அவளை மீட்டு வரும்படி ஆயிற்று.

அன்று மூன்றாமவர் வந்தமர்ந்தார்; ஓடு சுடும் தொழிற்சாலையின் உரிமையாளர். அவளுக்காக வேறெவரும் பேசலாகாது என்பது சட்டம். ஆதலால் கணவன் எத்திராசு கதவருகே வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"தங்க ரூமு, சாப்பாடு, எல்லாம் காம்பவுண்டுக்கு உள்ளயேம்மா," என்றார் அவர்.

"ஊருல ஒரு சாவுன்னா?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

"மேஸ்திரி அனுப்புனா போலாம்."

பெற்ற தாயின் சாவுக்கே அவளைச் சூளை மேஸ்திரி அனுப்பவில்லை.

"வேணாங்க."

"ரெண்டாயிரம் கூடப் போட்டுத் தரேன்."

"வேணாம்னா வேணாம்! எந்திரிச்சிப் போங்க!"

அவர் உண்மையாகவே எழுந்து போய்விட்டார். எத்திராசு துள்ளிக் குதித்தான்.

"இன்னாமே, தொரத்தியே வுட்டுட்ட!"

"ஆமாய்யா! சொன்னேன், போயிட்டான்யா!" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அப்போது வாயிலில் அடுத்த முதலாளியின் வண்டி வந்து நின்றது. எத்திராசு பதறிக்கொண்டு கதவைத் திறக்க ஓடினான்.

"இன்னாத்துக்கு ஓடுற? நிக்கட்டும்," என்றாள் பச்சையம்மாள். "நான் டீ குடிச்சிட்டு வரேன்."