ஊதா வந்தால்

"யாரு இதுல கை வெச்சது?"

டிசைன் தலைவர் சர்க்யூட் போர்டின் மேல் பிடித்திருந்த பூதக்கண்ணாடியை எடுக்காமலே கேட்டார். அந்தக் கண்ணாடி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடிதான்.

மூன்று மணிக்குப் பெரிய ஆர்டருக்கான ஆய்வு. வாங்குகிற கம்பெனியின் இன்ஜினியர் வரைபடத்தையும் போர்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒரு பாகம் மாறியிருந்தாலும் போச்சு. இப்போதே மணி இரண்டே கால்.

"கேபிளுக்கும் சிப்புக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர். நான் வரைஞ்சது ஒண்ணு, இங்கே உட்கார்ந்திருக்கிறது வேற ஒண்ணு. பத்து மடங்கு பெருசு! யாரோ கையால பத்த வெச்சிருக்காங்க."

மேனேஜர் ஹாலின் கோடியைப் பார்த்தார். சால்டரிங் அயர்ன் இருப்பது ஒரே ஒரு மேஜையில்தான். டெஸ்டிங் அக்காவின் மேஜை.

"நான்தான் சார்" என்று எழுந்து நின்றார் டெஸ்டிங் அக்கா.

"எத்தனை போர்டுல?"

"எல்லாத்துலயும் சார்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, எதுக்கும்மா?"

டெஸ்டிங் அக்கா டிசைன் தலைவரை ஒரு பார்வை பார்த்தார். "ஊதாவுக்காக சார்" என்றார், பாதி வாய்க்குள்ளேயே.

"ஊதாவா! கேட்டீங்களா மேனேஜர்? இன்னைக்கு ஊதாவுக்கு ஒண்ணு, நாளைக்கு மஞ்சளுக்கு ஒண்ணு. நான் எதுக்கு இங்கே தண்டமா உட்கார்ந்திருக்கேன்?"

சொல்லிவிட்டாரே தவிர அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊதா. எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே? உட்கார்ந்தார், எழுந்தார். மேஜை மேலிருந்த கேடயத்தை நகர்த்தினார், திரும்பவும் பழைய இடத்திலேயே வைத்தார். 'சிறந்த வடிவமைப்பு' என்று அதில் பொறித்திருந்தது. இதே போர்டுக்காகக் கிடைத்தது.

நூறு மீட்டர் கேபிளில் ஓடி வரும் வீடியோ சிக்னல் நொந்து நூலாகித்தான் வந்து சேரும். அதைத் தேற்றி, கிளம்பியபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிக் கொடுப்பது ஈக்வலைசர் சிப். அந்தப் பக்கம் படம் பார்க்கிறவருக்கு நடுவில் நடந்த பாடு எதுவுமே தெரியாது. இதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர் அவர்.

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா" என்றார் மேனேஜர். "கேட் பாஸ்ல சார்கிட்ட கையெழுத்து வாங்கிக்கோ. நாளையிலேருந்து வர வேண்டாம்."

"போறேன் சார். ஆனா வர்றவங்ககிட்ட மாத்தின போர்டையே காட்டுங்க சார்."

"எனக்கே பாடமா?"

டிசைன் தலைவரே அயர்னைப் பிடித்தார். பெரிய கெப்பாசிட்டரைப் பிடுங்கிவிட்டு, வரைபடத்தில் இருந்ததையே வைத்தார். நூறு மீட்டர் கேபிள் சுருளை மாட்டினார். திரையில் வண்ணப் பட்டைகள் வரிசையாக வந்து நின்றன. ஒரு பிசிறு இல்லை.

"பாத்தீங்களா?"

மேனேஜர் மூச்சு விட்டார்.

சரியாக மூன்று மணிக்கு அந்த இன்ஜினியர் வந்தார். சின்ன வயதுப் பெண். வரைபடத்தையும் போர்டையும் ஒப்பிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்தார்.

"இது எங்க சோதனைப் படம் சார். மாட்டட்டுமா?"

திரையின் மேல் பாதி ஊதா. கீழ் பாதி சாம்பல்.

"பார்க்கச் சாதுவா இருக்கும். ஆனா சிக்னல்ல ஒண்ணுன்னா ஒண்ணு, சைபர்னா சைபர்னு ஒரே மாதிரி பிட்டு நீளமா வந்துகிட்டே இருக்கும். நல்ல நல்ல போர்டெல்லாம் இதுல…"

அவர் முடிப்பதற்குள் ஊதா கிழிந்தது. துள்ளியது. திரை கறுத்துப்போனது.

டிசைன் தலைவர் கேபிளை ஆட்டினார். கழற்றி மாட்டினார். மறுபடி மறுபடி கறுப்புதான்.

மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, அலமாரியில் அனுப்பத் தயாராக இருந்த போர்டுகளில் ஒன்றை எடுத்து வந்து மாட்டினார்.

ஊதா வந்தது. நின்றது. பத்து நிமிஷம் பார்த்தார்கள். இம்மி அசையவில்லை.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "ஓ, கெப்பாசிட்டரைப் பெருசாக்கியிருக்கீங்க, அதான் ஊதாவைத் தாங்குது! அப்ப முதல்ல காட்டினது பழசா? வரைபடத்தைத் திருத்திக் கொடுத்துடுங்க, ஆர்டர் உங்களுக்குத்தான். இதை மாத்தச் சொன்னது யாரு சார்?"

டிசைன் தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"சார்தாங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. தோளில் பையும் கையில் கேட் பாஸுமாக டெஸ்டிங் அக்கா. "மூணு வருஷம் முன்னாடி போன் பண்ணிக் கேட்டேன். சொல்லிட்டார்."

இன்ஜினியர் டிசைன் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜர் அவரையும் டெஸ்டிங் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

டெஸ்டிங் அக்கா பாஸை நீட்டினார். "கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா கிளம்பிடுவேன் சார்."

டிசைன் தலைவர் வாங்கினார். பேனாவைத் தேடவில்லை. நாலாகக் கிழித்தார்.

"அந்த போன்… இப்பதாம்மா ஞாபகம் வருது."

"விடுங்க சார்."

கேடயத்தை வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கும்போது வந்த போன் அது. அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பரிசே கொடுத்துட்டாங்க, இப்ப வந்து ஊதா கிழியுதுங்கறே! போனை வைம்மா!"