ஐந்து வீட்டு நடை

நடக்கச் சோம்பல்பட்ட ஐந்து வீட்டுக்காரர்களின் அடி எண்ணும் வாட்சுகளையும் கைகளில் கட்டிக்கொண்டு, அவர்களுக்காகத் தினமும் நடப்பதுதான் கன்னியம்மாவின் வேலை. அன்று பூங்காவில் நாற்பதாவது சுற்றில் சுருண்டு விழுந்தாள். ஐந்து வாட்சுகளும் அலறின. வாட்சுகளில் பதிவான முகவரிப்படி ஐந்து ஆம்புலன்சுகள் அந்த ஐந்து வீடுகளுக்கும் பறந்தன.

சோறு கொண்டுவந்த மகள் பொற்கொடி முதல் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மேடம், அம்மா விழுந்துட்டாங்க. அங்க வந்த வண்டிய இங்க அனுப்புங்க."

"நல்லாத்தான் இருக்கோம்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டோமே. நாங்க நடக்கலைன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ் போயிடும்மா. டிகிரி படிச்ச பொண்ணு, யோசிச்சுப் பேசு."

மற்ற நான்கு வீட்டிலும் போனை எடுக்கவில்லை. ஆம்புலன்சுக்கே போன் போட்டாள். அவர்கள் அம்மாவின் வாட்ச் எண்ணைக் கேட்டார்கள். அம்மாவுக்கென்று வாட்ச் ஏது?

பொற்கொடிக்கு அழுகை வரவில்லை. அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். கனமே இல்லை.

"எறக்கி வுடுடி, நானே நடக்கிறேன்" என்றாள் அம்மா, பாதி வழியில். அதற்குப் பிறகு பேசவில்லை.

தோளுக்கு முன்னால் தொங்கிய அம்மாவின் கைகள், மகளின் ஒவ்வொரு அடிக்கும் ஆடிக்கொண்டே வந்தன. ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது ஐந்து வாட்சுகளும் ஒன்றாகப் பேசின.

"வாழ்த்துகள். இன்றைய நடையை முடித்துவிட்டீர்கள்."