ஐந்தாவது கியரில்

இஞ்சின் பெல்ட்டை மாற்ற வேண்டுமானால் அதைச் சுழற்றும் கிராங்க் புல்லியின் நடுவிலிருக்கும் போல்ட்டைக் கழற்றியாக வேண்டும். காரின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, காலையிலிருந்து அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் மெக்கானிக் ஜெபராஜ். ஸ்பானரை அழுத்தினால் போல்ட்டோடு சேர்ந்து இஞ்சினும் பின்னோக்கிச் சுற்றியது.

“அக்கா, உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்குங்க. அஞ்சாவது கியர்ல போட்டிருக்கேன். நீங்க காலை எடுக்காம இருந்தா இஞ்சின் சுத்தாது.”

செண்பகவல்லி முதன்முறையாகக் கணவரின் இருக்கையில் உட்கார்ந்து மிதித்தாள். ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி, ஜெபராஜ் தன் எடையெல்லாம் அதில் போட்டான். அவள் கால் நழுவியது. அந்தரத்திலிருந்த சக்கரங்கள் மெதுவாகப் பின்னோக்கிச் சுழன்றன. கிலோமீட்டர் காட்டும் எண்களில் கடைசி எண் மயிரிழை பின்னே இறங்கியது.

அந்த எண்கள் கடைசியாக ஓடியது ஆஸ்பத்திரிக்கு. போகும்போது அவர்தான் ஓட்டினார். திரும்பும்போது வேறு யாரோ.

“நல்லா மிதிங்கக்கா.”

மிதித்தாள். போல்ட் முனகியது. இளகப்போகும் நேரத்தில் அவள் தானாகவே காலை எடுத்தாள். சக்கரங்கள் மறுபடி பின்னே போயின.

“இப்படிச் சுத்துனா இஞ்சினுக்கு ஆகாதுக்கா.”

“ஆஸ்பத்திரி ரொம்ப தூரமில்ல தம்பி. அதைத் தாண்டிட்டாப் போதும்.”

அவள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபராஜ் குழாயை மறுபடி பிடித்தான். கழுத்தை நீட்டிக் காருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தான்.

“வரலாம்க்கா. பின்னாடி யாருமில்ல. வரலாம், வரலாம்.”