போகும்போது உடுத்திருந்தது

கணக்குப் படிப்பித்த மங்களேஸ்வரி ரீச்சர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, காணாமல் போனவர்களைத் தேடும் சனங்களோடு அலையத் தொடங்கியிருந்தார். வீட்டுக்கு வரும் தாய்மாரிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "போகேக்க என்ன உடுத்திருந்தவர்?" அந்தக் கேள்வியில்தான் எல்லோரும் உடைந்துபோவார்கள். வெள்ளைச் சேட்டு என்று அடித்துச் சொன்ன ஒரு தாய் மறுநாள் ஓடிவந்து, "அது கொடியிலயே கிடக்குது ரீச்சர். நான் அவனை வடிவாப் பாக்காமல் விட்டிட்டன்" என்று தலையிலடித்து அழுதார். அவருக்குத் தேநீர் கொண்டுவந்த ரீச்சரின் மகள் சுகிர்தா கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்றுப் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர், "அம்மாவைக் கவனமா இருக்கச் சொல்லும் தங்கச்சி" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்று காலை ரீச்சர் குடையோடு புறப்பட்டபோது சுகிர்தா வாசல் படலையை மறித்து நின்றாள்.

"விடடி, பஸ் போகப்போகுது."

"போங்கோ. கொஞ்சம் நில்லுங்கோ."

சாம்பல் நிறச் சேலை, அதன் பச்சைக் கரை, ஊசி குத்திய செருப்பு வார் என்று அவள் பார்வை மெல்ல இறங்கியது.

"என்னடி, பொம்பிளை பாக்க வந்தவை மாதிரிப் பாக்கிறாய்?"

சுகிர்தா மறுபடியும் சேலைக் கரையிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். ரீச்சரின் சிரிப்பு நின்றுபோனது. குடையைக் கீழே வைத்தார். கைகளைச் சற்று விரித்து, முதுகும் தெரியும்படி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சட்டைக்குப் பின்னால கறுப்பு நூலால தைச்சிருக்கிறன். தெரியுதே?"

"தெரியுதம்மா" என்றாள் சுகிர்தா. படலையை மட்டும் அவள் திறக்கவில்லை.