பன்னிரண்டே முக்கால் தூக்கம்

"எல்லாம் இந்தப் பொண்ணு வேலைதான், வேற யாரு?"

ரத்தப் பரிசோதனைக் கூடத்து மேனேஜர் பொரிந்து தள்ளினார். "ரெண்டு மாசமா இதே கூத்து. பன்னிரண்டே முக்காலுக்கு டான்னு லைன் கட்டாகுது. ஆஸ்பத்திரிக்குப் போற ரிப்போர்ட் பாதியில நிக்குது. எவன்கூடயோ ஃபோன்ல கொஞ்சறா! கண்டுபிடிச்சுக் குடுங்க, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார்.

ஃபோன் லைன் வழியாக ரிப்போர்ட்டை அனுப்பும் மோடத்தைப் பார்க்க வந்த சர்வீஸ்காரருக்கு எல்லோரும் வைத்த பேர் 'வயர்'. அவர் ஆபரேட்டர் பெண்ணைப் பார்த்தார். அவள் பாட்டுக்குக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். அட, கல்லுளிமங்கி!

வயர் வேலையில் இறங்கினார். கேபிளை ஆட்டிப் பார்த்தார். டயல் செய்தார். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு, சமர்த்தாக லைனில் சேர்ந்துகொண்டது. நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் லாக் ஃபைலைப் புரட்டினார். லைன் அறுந்ததாக எங்குமே இல்லை. கம்ப்யூட்டரேதான் லைனைத் துண்டித்திருக்கிறது!

டயல் செய்யச் சொல்லும் ஃபைலைத் திறந்தார். நடுவில் யாரோ செருகிய கட்டளை: பன்னிரண்டே முக்காலுக்கு லைனை விடு. பத்து நிமிஷம் தூங்கு. அப்புறம் மறுபடி டயல் செய்.

"அடிப்பாவி! நீ எழுதினதா?"

"ஆமா சார். அவசர ரிப்போர்ட் எல்லாம் முன்னாடியே அனுப்பிடுவேன். தயவுசெஞ்சு அதை எடுத்துடாதீங்க."

"அப்படி யார்கூடம்மா பேசறே?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால். மோடத்தின் விளக்கு அணைந்தது. அவள் ஃபோனைத் தொடவே இல்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் ரிசீவரை எடுத்தார். இவ்வளவு நேரம் உறுமிய மனுஷன் குரல் குழைந்தது.

"நான்தான்மா... மாத்திரை போட்டியா? வெள்ளை மாத்திரை. டப்பாவில பாரு. மெதுவா எடு, நான் லைன்லயே இருக்கேன்."

"வீட்டம்மாவுக்கு ஞாபகமறதி சார்," கிசுகிசுத்தாள் அவள். "இவர் குரல் கேட்டாத்தான் போடுவாங்க. மோடமும் அவர் ஃபோனும் ஒரே லைன்னு அவருக்குத் தெரியாது. முன்னாடி இவர் ஃபோனை எடுத்தாலே மோடம் இரைச்சல்தான் கேட்கும். ஒருநாள் ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா, ஆபீஸ் வேலைதான் முக்கியம்னு பேசறதையே விட்டுடுவார் சார்."

வயருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். "என்ன, ஆளு மாட்டினாளா? என் ரூம் ஃபோனைப் பாருங்க. முன்னெல்லாம் ஒரே இரைச்சல். ரெண்டு மாசமாத் தானாவே சரியாயிடுச்சு!"

"தானா எந்த ஃபோனும் சரியாகாது சார்."

வயர் அந்தக் கட்டளையைக் காட்டி, நடந்ததைப் புட்டுப் புட்டு வைத்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா," என்றார் கடைசியில், "பத்து நிமிஷம்தானா போட்டிருக்கே? வீட்டுல அவ கொஞ்சம் நிறையப் பேசுவா. கால் மணி நேரமா மாத்திடேன்."