கோழிக் கிறுக்கல்

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எலும்பு மருத்துவர் கொதித்துப்போனார்.

“எலும்பு ரெண்டா உடைஞ்சு, கோணலா ஒட்டியிருக்கு! இந்தக் காலோடவா இருபது வருஷம் நடந்தீங்க?”

“நடக்காம இருக்க யாரு விட்டாங்க டாக்டர்?” என்றார் முன்னாள் சிப்பாய். “பயிற்சியில பள்ளத்துல விழுந்த அன்னிக்கே சொன்னேன். முகாம் டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கலை. இப்போ, படையில பட்ட அடின்னு பென்ஷன் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க.”

“சிஸ்டர், இவர் கொண்டுவந்த பழைய முகாம் ஃபைல்ல என்னதான் எழுதியிருக்கு?” எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் மருத்துவர்.

நர்ஸ் பழுப்பேறிய தாளைப் பிரித்துப் படித்தார்.

“காலில் ஒன்றுமில்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறார். முழுச் சுமையுடன் அணிவகுக்கலாம்.”

“நடிப்பா? நானும் முகாம்ல வேலை பார்த்தவன்தான். இப்படி ஒரு அநியாயத்தைக் கண்டதில்லை! இவனெல்லாம் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கக்கூட லாயக்கில்லை. இவனைச் சும்மா விடக்கூடாது. இப்பவே புகார் எழுதறேன், பேரைச் சொல்லுங்க.”

நர்ஸ் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன சிஸ்டர், கையெழுத்து கோழிக் கிறுக்கலா இருக்கா? படிக்க முடியலையா?”

“முடியுது டாக்டர்” என்றார் நர்ஸ் மெல்ல. “பத்து வருஷமா தினமும் இதே கையெழுத்தைத்தானே படிக்கிறேன்.”

மருத்துவர் திரும்பினார்.

சிப்பாய் மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எழுதுங்க டாக்டர். இதுக்குத்தான் உங்களைத் தேடி வந்தேன்.”